இமயத்தில் விழுந்த விமானமும் ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்டும்

அவையோருக்கு வணக்கம்.

1944 ஜனவரி 25, இரண்டாம் உலகப் போர்க்காலம். சீனாவின் குன்மிங்கிலிருந்து அசாமின் சபுவாவுக்குச் சில அமெரிக்க பி-24 குண்டுவீச்சு விமானங்கள் புறப்பட்டன. அவற்றில் ஒன்று ‘ஹாட் அஸ் ஹெல்’. உள்ளே எட்டுப் பேர்; அவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கான்கார்டு ஊரைச் சேர்ந்த லெப்டினன்ட் ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்டு. அந்த விமானம் சபுவா வந்து சேரவில்லை.

அவர்கள் அன்று குண்டு வீசப் போகவில்லை. பர்மா சாலையை ஜப்பானியர் அடைத்துவிட்டதால், சீனாவிலிருந்த 308-ஆம் குண்டுவீச்சுப் படை தனக்கு வேண்டிய பெட்ரோலையும் குண்டுகளையும் தானே இமயத்தைத் தாண்டிச் சுமந்துவர வேண்டியிருந்தது. ஒரு தாக்குதலுக்குப் போக, அதற்கு முன் பல முறை இந்தியா போய்வர வேண்டும். வீரமரணம் என்றதும் நம் கண்முன் வருவது வான்சண்டைதான். ‘ஹம்ப்’ எனப்பட்ட இந்த இமய வான்பாதையிலோ பெரும்பாலோரைக் கொன்றது வானிலை.

பி-24இன் இறக்கை நீண்டு ஒடுங்கியது. நெடுந்தூரம் பறக்க ஏற்றது. ஆனால் அதன்மேல் பனி படிந்தால் தூக்குவிசை சட்டென்று குறைந்துவிடும். இன்னொரு ஆபத்து மேற்கிலிருந்து வீசும் காற்று. மேகத்துக்குள் திசைகாட்டியும் கடிகாரமும்தான் துணை. எதிர்க்காற்றைக் குறைவாகக் கணித்த வழிகாட்டி, மலையைக் கடந்துவிட்டோம் என்று நம்பி இறங்கச் சொல்வார்; கீழே இன்னும் மலைதான் இருக்கும்.

போருக்குப் பின் தேடியவர்களுக்கு எங்கே தேடுவது என்பதே தெரியவில்லை. அருணாசலப் பிரதேசத்தில் தம்ரோ கிராமத்துக்கு மேலே உள்ள மலையில் சிதைவு அடையாளம் காணப்பட்டது 2006இல். அகழ்வு நடந்தது 2015இல். நடுவில் கழிந்த ஒன்பது ஆண்டுகளை நினைத்தால் ஆதங்கமாகத்தான் இருக்கிறது. முதிய உறவினர்களுக்கு அது சிறிய காலமா?

சிதைந்த உலோகத்தை ஒரு பெயரோடு இணைப்பது எண்கள்தாம். காணாமற்போன விமானத்துக்கு அன்று அமெரிக்க ராணுவ வான்படை எழுதிய அறிக்கையில் வால் எண், எஞ்சின்களின் எண்கள், இயந்திரத் துப்பாக்கிகளின் எண்கள் எல்லாம் உண்டு. வால் பகுதி எரிந்து போயிருக்கலாம். எஞ்சினில் அறைந்த தகடு தப்பிவிடும். யாரோ அந்தத் தகட்டை நினைவுப் பொருளாக எடுத்துச் சென்றால் எட்டுக் குடும்பங்களுக்கான விடையும் அதோடு போய்விடும். அலுமினியத்தை எடைக்குப் போடுபவரைவிட, ஆசையாய்த் தகட்டைக் கழற்றுகிறவரால்தான் அதிகக் கேடு என்பேன்.

அகழ்வு பொறுமையைச் சோதிக்கும் வேலை. தரையைச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மண்ணையும் சுமார் 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலிப்பார்கள். சரிவில் மழை மண்ணை அடித்துச் செல்வதால் எலும்பு, விழுந்த இடத்தில் இராது. பல மீட்டர் கீழே கிடக்கும். அதனால் சிதைவுக்குக் கீழேயும் தோண்டியாக வேண்டும்.

தீயிலும் ஈர மண்ணிலும் கிடந்த எலும்பில் உட்கரு டிஎன்ஏ சிதைந்திருக்கும். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள டிஎன்ஏவுக்கு ஒரு செல்லிலேயே நூற்றுக்கணக்கில் நகல்கள் உண்டு; அது தப்ப வாய்ப்பு அதிகம். அது தாய்வழியில் மட்டுமே வருவதால் இறந்தவரின் சொந்தப் பிள்ளையின் மாதிரி இங்கே பயன்படாது. உடன்பிறந்தவரோ, சகோதரியின் பிள்ளையோ தர வேண்டும். மகன் வழிப் பேரனிடம் மாதிரி எடுத்துவிட்டு ஏன் பொருந்தவில்லை என்று கேட்பதில் பயனில்லை.

மீட்கப்பட்ட எச்சங்கள் 2016 ஏப்ரலில் டெல்லியிலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன. ஆக்ஸ்ஃபோர்டு என்று உறுதியானபின், 2017 ஜூனில் கான்கார்டில் அடக்கம் செய்தார்கள்.

அந்த மலைகளில் இன்னும் பல விமானங்கள் கிடக்கின்றன. ஒன்றைக் காண நேர்ந்தால், தகட்டைக் கழற்றாமல், அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுங்கள். ஜிபிஎஸ் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். எலும்போ வெடிக்காத குண்டோ தென்பட்டால் தொடாமல் விலகி, மாவட்ட நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.