வீதிக்கு முன் வடிகான்: வளரும் ஒரு பகுதிக்கான முன்னுரிமைகள்

நேயர்களுக்கு வணக்கம். உள்ளூராட்சித் தேர்தலில் நிற்பவர்கள் தத்தம் பகுதிக்கான முன்னுரிமைகளை எடுத்துரைக்கும் இந்நிகழ்ச்சியில், மட்டக்களப்பு மாநகர சபைக்குச் சுயேச்சையாகப் போட்டியிடும் எனக்கும் இடம் தந்த வானொலி நிலையத்தாருக்கு முதலில் நன்றி கூறுகிறேன். நகரின் வடபுறத்தில், மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை நோக்கிய திசையில் வேகமாக வளர்ந்து வரும் திராய்மடு, பாலமீன்மடுப் பகுதியைப் பற்றியே இன்று பேச வந்துள்ளேன். நீர்ப்பாசனத் துறையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் என் பேச்சில் நீரும் நில மட்டமும் சற்று அதிகமாகவே வரும். அப்பகுதியில் ஒரு மாரியையேனும் கழித்தவர்கள் அதைக் குறையாகக் கொள்ளமாட்டார்கள் என நம்புகிறேன்.

இப்பகுதி வளர்ந்த விதத்தை அறிந்துகொண்டால்தான் அதன் தேவை விளங்கும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை நாவலடியையும் டச்பார் கரையையும் அழித்துச் சென்றபின், கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றர் தூரத்துக்குள் மீண்டும் வீடு கட்டக் கூடாது என்று அரசு அறிவித்தது. அக்கட்டுப்பாடு பின்னர் தளர்த்தப்பட்டது எனினும், வீடிழந்த குடும்பங்கள் பலவற்றுக்கு அதற்கிடையில் திராய்மடுவிலேதான் இடம் ஒதுக்கப்பட்டது. முதலில் தற்காலிகக் கொட்டில்கள் வந்தன. பிறகு கல்வீடுகள் எழுந்தன. ஆயிரக்கணக்கானோர் கூரையின்றி நின்ற வேளையில், கிடைத்த காணியில் வீடு கட்டுவதுதான் முதல் வேலையாக இருந்தது. மழைநீர் எவ்வழியே போகும் என்று ஆராய்வதற்கு அப்போது எவருக்கும் அவகாசம் இருக்கவில்லை, அதற்காக எவரையும் குறைகூறவும் நான் விரும்பவில்லை. ஆனால் அந்த அவசரம் முடிந்து இவ்வளவு காலம் சென்ற பின்னரும் நாம் அதே முறையில்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஒல்லாந்தர் கோட்டைக்குள் இயங்கி வந்த, கச்சேரி என்று வழங்கும் மாவட்டச் செயலகம் திராய்மடுவின் புதிய கட்டடத்துக்கு வந்த பிறகு, ‘கச்சேரிக்கு அருகே காணி விற்பனைக்கு’ என்னும் பலகைகளை அங்கே காணாத ஒழுங்கை இல்லை.

முன்னுரிமைகளைச் சொல்வதற்கு முன், ஒரு மாநகர சபை உறுப்பினரால் எதைச் செய்ய முடியாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். திருகோணமலை வீதி போன்ற பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. அதற்கு அடுத்த தரத்து வீதிகள் மாகாண வீதித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. குழாய்நீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும், மின்சாரத்தை அதற்குரிய நிறுவனமும் பார்த்துக்கொள்கின்றன. அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவது பிரதேச செயலகத்தின் வேலை. ஆகவே வேலைவாய்ப்பும் காணி உறுதியும் வைத்தியசாலையும் பெற்றுத் தருவேன் என்று இத்தேர்தலில் ஒருவர் வாக்குறுதி அளித்தால், அவர் வேறு ஏதோ தேர்தலில் நிற்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறார் என்றுதான் கொள்ள வேண்டும். 1947 ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் சபைக்குத் தந்திருப்பவை உள் வீதிகள், வடிகான்கள், பொதுச் சுகாதாரம், குப்பை அகற்றல், சந்தை, பூங்கா, நூலகம், மயானம் போன்றவை. இவற்றோடு, தன் எல்லைக்குள் எழும் கட்டடங்களுக்கு அனுமதி வழங்குவதும் சபையின் கையிலேயே உள்ளது. மேடையில் அதிகம் பேசப்படாத இந்த அனுமதியே வளர்ந்து வரும் ஒரு பகுதிக்கு மிக முக்கியமான கருவி என்பது என் உறுதியான கருத்து.

இனி நீரைப் பற்றிப் பேசலாம். நம் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரையான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே கொட்டித் தீர்க்கிறது. ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்வது இங்கே அதிசயமன்று. அவ்வாறு பெய்தால் ஓர் ஏக்கர் நிலத்தில் ஏறத்தாழ 4 இலட்சம் லீற்றர் நீர் விழும். 10,000 லீற்றர் கொள்ளும் பவுசர் வண்டிகள் 40 கொண்டுவந்து ஊற்றியதற்கு அது சமம். பற்றைக்காடாகவும் தாழ்நிலமாகவும் கிடந்தபோது அந்த நீரில் ஒரு பகுதி மணலுக்குள் இறங்கியது, ஒரு பகுதி பள்ளங்களில் தங்கியது, எஞ்சியது தோணாக்கள் எனப்படும் இயற்கை நீரோடைகள் வழியே மெல்ல மெல்ல வாவியைச் சென்றடைந்தது. இன்று பள்ளங்கள் கிறவல் போட்டு உயர்த்தப்படுகின்றன, முற்றங்களுக்குக் கொங்கிறீட் இடப்படுகிறது, தோணாவின் குறுக்கே மதில் எழுகிறது. மழையின் அளவு குறையவில்லை. அது தங்குவதற்கும் செல்வதற்கும் இருந்த இடம்தான் குறைந்துள்ளது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வடிகான் வெட்டிவிட்டால் நீர் வாவிக்குப் போய்விடும் என்று பலரும் எண்ணுகின்றனர். வாவியின் மட்டம் தாழ்ந்திருக்கும்வரை அது சரிதான். ஆனால் மேற்கே உன்னிச்சைக்குளமும் நவகிரிக்குளமும் நிரம்பி வான் பாயத் தொடங்கினால் அந்த வெள்ளம் முழுவதும் வாவிக்கே வந்து சேரும். அவ்வேளையில் முகத்துவாரம் மணல்மேடிட்டு மூடிக் கிடந்தால் வாவி உயர்ந்து, நாம் கட்டிய வடிகான் வழியாகவே நீர் ஊருக்குள் திரும்பி வரும். முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பது மாநகர சபை தனித்து எடுக்கும் முடிவன்று. வயல் மூழ்கும் முன் வெட்டுங்கள் என்று விவசாயிகள் கேட்பார்கள். காலத்துக்கு முந்தி வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போய்விடும் என்று வாவி மீனவர்கள் அஞ்சுவார்கள். இரு தரப்பாரிடமும் நியாயம் உண்டு. மாவட்டச் செயலகம் கூட்டும் அந்தக் கலந்துரையாடலில் நகரின் தாழ்ந்த பகுதிகளில் எந்த மட்டத்தில் வீட்டுக்குள் நீர் ஏறுகிறது என்ற அளவை ஆதாரத்தோடு முன்வைக்க வேண்டியது சபையின் கடமை. அதற்கு முதலில் அந்த அளவு நம்மிடம் இருக்க வேண்டும்.

ஆகவே என் முதல் முன்னுரிமை ஒரு மட்ட வரைபடம். பகுதி முழுவதையும் ஒழுங்கை ஒழுங்கையாக மட்டம் பார்த்து, எது மேடு, எது பள்ளம், எந்தத் தோணா எங்கே அடைபட்டுள்ளது, எந்த மதகு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை ஒரே வரைபடத்தில் குறிக்க வேண்டும். இது பெருஞ்செலவு பிடிக்கும் வேலையன்று. இன்று ஒரே பகுதியில் சபை ஒரு வீதியைப் போடுகிறது, பிரதேச செயலகத்தின் ஊடாக வரும் நிதியில் இன்னொரு வீதி போடப்படுகிறது, மாகாணம் மூன்றாவதைப் போடுகிறது. ஒவ்வொருவரும் தமக்கு வசதியான உயரத்தில் கொங்கிறீட்டை ஊற்றிச் செல்கின்றனர். வீதி வளவைவிட உயர்ந்துவிட்டால் அது வீதியாக இருப்பதோடு அணைக்கட்டாகவும் ஆகிவிடுகிறது. அதன் பிறகு வீட்டுக்காரர் கடன் பட்டு வளவை உயர்த்துகிறார்; நீர் அவருடைய அயலவரின் முற்றத்துக்குப் போகிறது; அயலவர் சபைக்கு முறைப்பாடு எழுதுகிறார். இரண்டு குடும்பங்கள் பேசாமல் போவதற்கு இங்கே பெரும்பாலும் இதுவே காரணம்.

அந்த வரைபடத்தில் நீர் தங்கும் பள்ளங்களுக்கும் தோணாக்களுக்கும் எல்லை வரைந்து, அவற்றுக்குள் கட்டட அனுமதி வழங்குவதில்லை என்று சபை தீர்மானிக்க வேண்டும் என்பது என் இரண்டாவது கோரிக்கை. இதனால் சிலருக்கு என்மேல் கோபம் வரும் என்பதை அறிவேன். சேமிப்பையெல்லாம் கொட்டித் தாழ்ந்த காணி ஒன்றை வாங்கிய ஆசிரியருக்கோ, வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பிய பணத்தில் வாங்கிய தாய்க்கோ, வாங்கிய பின்னர் ‘இங்கே கட்ட முடியாது’ என்று சொல்வது கொடுமை. அதனால்தான் அந்த எல்லை இரகசியக் கோப்பில் கிடக்காமல், காணி வாங்குவதற்கு முன்பே எவரும் பார்க்கக்கூடியவாறு சபை வாயிலிலும் கிராம உத்தியோகத்தர் அலுவலகங்களிலும் ஒட்டப்பட வேண்டும் என்கிறேன். ஏற்கெனவே கட்டிக் குடியிருப்போரை அசைக்கும் எண்ணம் எனக்கில்லை. அவர்களுடைய வீட்டுக்கு மேற்புறத்தில் இனி எழும் கட்டடங்கள் அவர்களை மூழ்கடிக்காமல் பார்ப்பதே நோக்கம். வரைபடம் தயாரான பிறகு, மதகும் வடிகானும் சேர்ந்திராத எந்த உள் வீதிக்கும் சபை நிதியில் ஒரு சதமும் ஒதுக்கக் கூடாது. திறப்பு விழாக்களின் எண்ணிக்கை இதனால் குறையும், குறைந்தால் குறையட்டும். வடிகான் துப்புரவும் வெள்ளம் வந்தபின் இயந்திரத்தோடு ஓடும் வேலையாக இராமல், செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும் முடிந்திருக்க வேண்டும்.

மழைநீரோடு சேர்ந்ததுதான் கிணற்றுநீரும். உன்னிச்சைக்குளத்திலிருந்து எடுத்து வவுணதீவில் சுத்திகரிக்கப்படும் குழாய்நீர் நகருக்கு வந்த பிறகும் நம் வீடுகளில் கிணற்றைக் கைவிட்டவர்கள் குறைவு. மணற்பாங்கான நிலத்தில் சில அடி தோண்டினாலே நீர் ஊறுவது நமக்குக் கிடைத்த கொடை என்றாலும், அதே மணல் மலசலகூடக் குழியின் கழிவையும் தடையின்றிக் கடத்திவிடும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடியேனும் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 10 பேர்ச், அதாவது ஏறத்தாழ 2,722 சதுர அடி, காணி சதுரமாக இருந்தால் அதன் ஒரு பக்கத்தின் நீளமே ஏறத்தாழ 52 அடிதான். உங்கள் வளவுக்குள் எப்படியாவது அந்த இடைவெளியைப் பேணினாலும், மதிலுக்கு அப்பால் அயலவர் குழி எங்கே வெட்டினார் என்பது உங்கள் கையில் இல்லை. எனவே கட்டட வரைபடத்தை அனுமதிக்கும்போது அயல் வளவுகளின் கிணறுகளையும் குழிகளையும் அதில் குறிக்கச் செய்ய வேண்டும். நெருக்கமான ஒழுங்கைகளில் அடிப்பகுதி மூடிய தொட்டிகளைக் கட்டாயமாக்க வேண்டும். அவற்றைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை உறிஞ்சி அகற்றும் வண்டிச் சேவையைச் சபை ஏழைக் குடும்பமும் தாங்கக்கூடிய கட்டணத்தில் நடத்த வேண்டும்.

குப்பையைப் பற்றி நீண்ட பேச்சுத் தேவையில்லை. திருப்பெருந்துறைக் குப்பைமேட்டால் அங்குள்ள மக்கள் பட்ட பாட்டை நகரமே அறியும். கொடுவாமடுவில் உள்ள குப்பை நிலையத்துக்குக் கொண்டு செல்வதென்றால் தூரமும் எரிபொருட் செலவும் கூடுகின்றன. உக்கும் குப்பையை வீட்டிலேயே பசளையாக்கி, வண்டியில் ஏறும் எடையைக் குறைத்தால் அதே செலவில் வண்டி இன்னும் பல ஒழுங்கைகளுக்கு வரும். வண்டி எந்த நாளில் வரும் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால், தோணாவுக்குள் பையை வீசுபவர்களில் பாதிப்பேர் நிறுத்திவிடுவார்கள் என்பது என் அனுமானம். எஞ்சியோருக்குத் தண்டப்பணம்.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. வீடு வளவுகளுக்குச் சபை அறவிடும் சோலைவரி, வியாபார அனுமதிக் கட்டணம், சந்தை வாடகை ஆகியவற்றோடு, நம்மில் பலர் கவனியாத இன்னொரு வருமானமும் சபைக்கு உண்டு. காணி கைமாறும்போது செலுத்தப்படும் முத்திரை வரி மாகாணத்துக்குச் சென்று, அங்கிருந்து உரிய உள்ளூராட்சி சபைக்குத் திரும்ப வேண்டிய பணமாகும். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதமும் மீதிக்கு 4 சதவீதமும் என்ற கணக்கில், 20 இலட்சம் ரூபாய் பெறுமதியான ஒரு காணி உறுதிப் பத்திரத்துக்கு 79,000 ரூபாய் வரி செல்கிறது. காணி விற்பனை மிகுந்த ஒரு பகுதி எத்தனை உறுதிகள் வழியாகப் பணம் ஈட்டித் தருகிறது என்பதையும், அதில் எவ்வளவு சபைக்குத் திரும்பியது, எவ்வளவு நிலுவையில் உள்ளது என்பதையும் ஆண்டுதோறும் சபையில் கேட்பேன். கேட்டுப் பெற முடியாதவற்றை 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்பேன். வளர்ச்சியால் வரும் பணத்தில் ஒரு பங்கேனும் அந்த வளர்ச்சி உண்டாக்கும் வெள்ளத்தைத் தீர்க்கச் செலவாக வேண்டும் என்பது பெரிய கோரிக்கையன்று. நம் தரப்பிலும் ஒரு கடமை உண்டு: ஆண்டுக்குரிய சோலைவரி முழுவதையும் ஜனவரி 31 ஆம் திகதிக்குள் செலுத்தினால் 10 சதவீதக் கழிவு கிடைக்கிறது, அதைப் பயன்படுத்துவோர் பெருகினால் ஆண்டுத் தொடக்கத்திலேயே சபையின் கையில் வேலைக்கான பணம் இருக்கும்.

தெருவிளக்கு, முன்பள்ளி, விளையாட்டுத் திடல் ஆகியவற்றை நான் மறந்துவிடவில்லை. நாவலடியை விட்டு வந்த மீனவக் குடும்பங்களுக்கு, வலையும் தோணியும் இருக்கும் கரைக்கு விடியுமுன் போய்வர வெளிச்சமுள்ள பாதை வேண்டும் என்பது அவர்களே கேட்டது. விளக்குப் பட்டியலில் அந்தப் பாதையையே முதலில் வைத்துள்ளேன். திடலுக்கென ஒதுக்கப்படும் நிலத்தைச் சற்றுத் தாழ்வாக வைத்தால் கோடையில் பிள்ளைகள் விளையாடவும் மாரியில் மேலதிக நீர் சில நாள் தங்கவும் அது உதவும். இதையும் அந்த வரைபடத்திலேயே குறிக்கலாம்.

தெரிவு செய்யப்பட்டால், சபையின் முதலாவது மாதாந்தக் கூட்டத்தில் மட்ட வரைபடத்துக்கான பிரேரணையைச் சமர்ப்பிப்பேன். அது நிறைவேறுவதற்கு மற்ற உறுப்பினர்களின் ஆதரவு தேவை. சுயேச்சை உறுப்பினர் ஒருவரின் தனிக் கையால் எதுவும் ஆகாது. எனவே நேயர்கள், இப்பகுதியில் வாக்குக் கேட்டு வரும் ஏனைய வேட்பாளர்களிடமும், அவர்கள் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும், அந்தப் பிரேரணைக்குக் கை உயர்த்துவார்களா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். வணக்கம்.