கையெழுத்துப் போட்ட பிறகு?

நண்பர்களே, வணக்கம்.

எழுத்தறிவுத் திட்டம் என்றதும் எல்லோரும் கேட்பது, 'எத்தனை பேரைப் படிக்கவைத்தீர்கள்?' என்பதுதான். மூன்று வருஷம் கழித்து அவர்களில் எத்தனை பேர் இன்னும் படிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பல திட்டங்களுக்கு அங்கே பேச்சு வராது.

1961இல் கியூபா செய்ததை எழுத்தறிவு பற்றிய கூட்டங்களில் அடிக்கடி சொல்வார்கள். ஒரே ஆண்டில் சுமார் 7 லட்சம் பேர் எழுதப் படிக்கக் கற்றார்கள். சொல்லிக்கொடுக்கப் போனவர்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இளம் வயதினர். கையில் விளக்கோடு கிராமத்து வீடுகளில் போய்த் தங்கி, பகலில் அந்த வீட்டாரோடு வேலை செய்தார்கள், இரவில் பாடம் நடத்தினார்கள். கடைசியில் ஃபிடல் காஸ்ட்ரோவுக்கு ஒரு கடிதம் எழுதிக் காட்ட வேண்டும், அதுதான் தேர்வு. பாடநூலில் அரசியல் பிரசாரமும் தாராளமாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

கதையை இதோடு நிறுத்திவிடுகிறோம். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. 1962இலேயே தொடர் வகுப்புகள் ஆரம்பமாகின. பெரியவர்களை ஆறாம் வகுப்பு வரை கொண்டுவருவதை அடுத்த இயக்கமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இது ஏன் தேவை? புதிதாகப் படிக்கிறவர் எழுத்து எழுத்தாகக் கூட்டித்தான் படிப்பார். வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துபோகும். பார்த்தவுடனே சொல் தெரியும் அளவுக்கு வேகம் வந்தால்தான் பொருளில் கவனம் நிற்கும். அந்த வேகம் பழக்கத்தில்தான் வரும். பல திட்டங்கள் கையெழுத்துப் போட வந்ததும் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகின்றன. வீட்டில் படிக்க எதுவும் இல்லாதவருக்கு, கற்ற எழுத்தும் கொஞ்ச நாளில் கைவிட்டுப் போகிறது.

அப்புறம், எதைப் படிக்கக் கொடுக்கிறோம் என்பது. 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேயரின் குழு சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரப் பாடம் நடத்தியது. அவரது முறையில் முதலில் மக்களின் பேச்சைக் கேட்பார்கள், அதிலிருந்து செங்கல் போன்ற சொற்களை எடுப்பார்கள். அந்தச் சொல்லைச் சுற்றி வேலை, கூலி என்று விவாதம் நடக்கும். அந்தப் பேச்சோடு சேர்ந்துதான் எழுத்து. அடுத்த ஆண்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் திட்டத்தை நிறுத்தியது, ஃபிரேயரைச் சிறையில் அடைத்தது. படிக்கத் தெரிந்தவருக்குத்தான் அப்போது அங்கே ஓட்டுரிமை இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் புரியும்.

நாமோ ஐம்பது வயதுக்காரரைக் குழந்தைகளின் வகுப்பறையில், குழந்தைகளின் பெஞ்சில் உட்காரவைத்துக் குழந்தைகளின் பாடத்தைக் கொடுக்கிறோம். அவர் மறுநாள் வரவில்லை என்றால் ஆர்வமில்லை என்று பதிவேட்டில் எழுதுகிறோம். கால் நீட்ட இடமில்லாத பெஞ்சில் யாருக்கு ஆர்வம் வரும்?

குழந்தைகள் விஷயத்தில் பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் 1989இல் தொடங்கிய முயற்சி எனக்குப் பிடித்தது. வழக்கமான பரிசோதனைக்கு வரும் குழந்தைக்கு மருத்துவரே ஒரு படப் புத்தகம் கொடுத்து, எப்படிச் சேர்ந்து வாசிப்பது என்று பெற்றோருக்குச் சொல்வார். இதற்கென்று தனிக் கூட்டமோ தனிக் கட்டடமோ தேவைப்படவில்லை. சரி, அந்தப் பெற்றோருக்கே படிக்கத் தெரியாவிட்டால்? படத்தைக் காட்டிக் கதை சொல்லலாம். அந்த இடத்திலேயே பெற்றோரைப் பெரியவர்களுக்கான வகுப்புக்கும் அழைக்கலாம். குழந்தைக்கு ஒரு துறை, பெரியவருக்கு இன்னொரு துறை என்று பிரித்துவைத்திருப்பது நிர்வாக வசதிக்கு மட்டும்தான்.

நூலகங்களிடம் என் கோரிக்கை சின்னது. வேலை முடிந்து வருகிறவர் வரும் நேரத்தில் திறந்திருங்கள். பெரியவர்களின் வாழ்க்கையைப் பேசும், பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறு புத்தகங்களை வாங்கி, குழந்தைகள் பகுதிக்குள் தள்ளாமல் தனி அலமாரியில் வையுங்கள்.

நிதி ஒதுக்குகிறவர்களிடம் கேட்பது கொஞ்சம் பெரியது. முதல் ஆண்டு வகுப்புக்குப் பணம் கொடுக்கும்போதே அடுத்த இரண்டு ஆண்டுகளின் தொடர் வாசிப்புக்கும் சேர்த்து ஒதுக்குங்கள். அது முடியாது என்றால், சேர்க்கும் ஆட்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் எண் சிறியதாகத்தான் தெரியும். பரவாயில்லை.