தட்டுக்குக் கிரீஸ் போடுகிறவர்கள்

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். எடுத்த எடுப்பிலேயே என்னை அழைத்த நிலையத்தாருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இப்போது என்னைக் கேட்டுக்கொண்டிருக்கும் பண்பலை, அந்த 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரைக்குமான அலை, நான் இத்தனை வருஷம் செய்த ரேடியோ தொலைநோக்கித் தொழிலுக்கு, அதாவது வானத்திலிருந்து வரும் ரேடியோ அலையைப் பெரிய தட்டில் பிடிக்கிற வேலைக்கு, பெரிய தொல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. பரப்பளவு ஏறக்குறைய 50,000 சதுர கிலோமீட்டர், நம் பேராக் மாநிலத்தை இரண்டு தடவை உள்ளே வைத்தாலும் இடம் மிச்சம் இருக்கும், ஆனால் குடியிருப்பவர்கள் நூறு பேர் சுமார்தான். ஆள் இல்லாத ஊர் என்பதற்காகவே வானத்தைக் கேட்கும் ஆன்டெனாக்களை அங்கே கொண்டுபோய் நட்டார்கள். அப்படியும் வானொலி விட்டதா? பூமியிலிருந்து கிளம்பிய பண்பலை ஒலிபரப்பு நிலாவில் பட்டுத் திரும்பி வந்து அந்த ஆன்டெனாக்களில் விழுந்ததை 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் காட்டினார்கள். யாரோ ஒரு அறிவிப்பாளர் காலையில் போட்ட பாட்டு நிலா வரைக்கும் போய்விட்டு வந்திருக்கிறது.

நான் ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய ரேடியோ தொலைநோக்கியில் முதலில் கட்டுப்பாட்டு அறை ஆபரேட்டராக இருந்தேன், அப்புறம் பராமரிப்பு வேலைக்குத் திட்டம் போடுகிற பொறுப்புக்கு வந்தேன். விஞ்ஞானி இல்லை. கருந்துளை பற்றிக் கேட்டால் புத்தகத்தில் படித்ததைத்தான் சொல்வேன். கிரீஸ் பற்றிக் கேளுங்கள், விடிய விடியப் பேசுவேன்.

ஊருக்குத் திரும்பி வந்த புதிதில் பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார், "ஏம்மா, அவ்வளவு பெரிய தட்டுல எத்தனை சேனல் வரும்?" என்று. சிரிப்பு வந்தாலும் கேள்வியில் தப்பு இல்லை. நம் வீட்டுச் சுவரில் இருக்கிற அஸ்ட்ரோ டிவி தட்டும் அதுவும் ஒரே சாதிதான், வளைந்த பரப்பில் அலையை வாங்கி ஒரு புள்ளியில் குவிப்பது. ஆனால் அஸ்ட்ரோ தட்டை ஒரு தடவை திருப்பி முடுக்கிவிட்டால் அது பார்க்க வேண்டிய துணைக்கோள் அதே இடத்தில் நிற்கும். நட்சத்திரம் நிற்காது. பூமி சுழல்கிறது, அதனால் தட்டு நாள் பூராவும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், அதுவும் கோணத்தில் துளி பிசகாமல். துணைக்கோள் நமக்காகவே அலை அனுப்புகிறது. வானத்திலிருந்து வருவது யாருக்காகவும் வருவதில்லை, வரும்போது ஒன்றுமே மிச்சம் இல்லாத மாதிரி வருகிறது. ஒரு சாதாரணக் கைப்பேசியை நிலாவில் வைத்து ஓடவிட்டால், பூமியிலிருந்து பார்க்கும்போது வானத்தில் மிகப் பலமாகத் தெரியும் ரேடியோ மூலங்களில் அதுவும் ஒன்றாகிவிடும். நாங்கள் பிடிக்கிற சமிக்ஞை எவ்வளவு இளைத்தது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

என் தம்பி இங்கே செம்பனை ஆலையில் ஃபிட்டர். பேராசிரியர்களுக்கு விளக்கச் சிரமப்பட்டதை எல்லாம் அவன் அரை நிமிஷத்தில் புரிந்துகொண்டான். அவன் முதலில் கேட்டது, "அக்கா, அவ்ளோ டன்னையும் எதுமேல உட்கார வச்சிருக்காங்க?" அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள், 1961-இல் திறந்தது, 64 மீட்டர் அகலத் தட்டு. கோபுரத்துக்கு மேலே அசையும் பகுதி மட்டும் 1,000 டன். அது கோபுரத்தோடு பூட்டப்படவில்லை, தன் கனத்தாலேயே உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவில் கிரீன் பேங்க் என்ற இடத்தில் இருப்பது இன்னும் பெரிசு, 100 மீட்டருக்கு 110 மீட்டர், சுமார் 7,700 டன், மொத்தமும் 16 இரும்புச் சக்கரங்களில் வட்டமான தண்டவாளத்தின் மேல் ஓடுகிறது. அந்தத் தண்டவாளம் தேய்ந்து விரிசல் கண்டு, 2007-இல் மாற்றிப் போட்டார்கள். வெளியில் இருப்பவர்களுக்கு அது செய்தியே இல்லை. எங்களுக்கு அதைவிடப் பெரிய செய்தி அந்த வருஷம் கிடையாது.

ஆக, தினசரி வேலை என்பது முக்கால்வாசி ஆலை வேலைதான். கியர்பாக்ஸ் எண்ணெய் மாதிரி எடுத்து உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பது, பல்சக்கரத்துக்குக் கிரீஸ், பெரிங் சத்தம், மோட்டார் சூடு, பெயின்ட் உரிந்த இடத்தில் துரு. கொஞ்சம் வித்தியாசமான ஒன்று கேபிள். தட்டிலிருந்து கீழே வரும் மின்கம்பி, ஃபைபர், கருவியைக் குளிர்விக்கும் ஹீலியம் குழாய் எல்லாம் தட்டோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும், அதனால் ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போக முடியாது, ஓர் எல்லைக்கு வந்ததும் முழுசாகத் திருப்பி அவிழ்க்க வேண்டும். அடுத்த நட்சத்திரம் பக்கத்திலேயே இருக்கும், ஆனால் கேபிள் முறுக்கு முடிந்திருக்கும், தட்டு ஊரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கமாக வர வேண்டியிருக்கும். இதை முன்கூட்டியே பார்த்து வரிசை போடாத ஆய்வாளர் பாதி நேரத்தைத் திருப்புவதிலேயே இழப்பார். நாங்கள் மெல்லச் சொல்வோம். சிலர் கேட்பார்கள்.

ரேடியோவுக்குப் பகல் இரவு பெரிய வித்தியாசம் இல்லை. கண்ணாடித் தொலைநோக்கிக்காரர்கள் பகலில் பழுது பார்க்கலாம், எங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. 24 மணி நேரமும் யாராவது ஒருவர் மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய நேரம் ஓடிக்கொண்டிருக்கும். பராமரிப்புக்கென்று வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்குவார்கள், அதற்குள் எல்லாம் நடக்க வேண்டும், அந்த நேரத்தையும் யாராவது வந்து கடன் கேட்பார்கள். கொடுக்கக் கூடாது. இதில் நான் கொஞ்சம் கறார். ஆள் மேலே ஏறும் முன் தட்டை மேல்நோக்கி நிறுத்தி, அசையாமல் பிடிக்கும் இரும்பு ஆணி போட்டு, மின்சாரத்தை வெட்டிப் பூட்டி, சாவி ஏறுகிறவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும். ஆபரேட்டர் கையில் கூட இருக்கக் கூடாது. ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

காற்று வேறு விஷயம். நம் வீட்டில் மழை வந்தால் அஸ்ட்ரோ போய்விடும், நீண்ட அலையில் வேலை செய்யும் பெரிய தட்டுக்கு மழை அவ்வளவு பொருட்டு இல்லை, காற்றுதான் எமன். பலமாக அடித்தால் ஆய்வு யாருடையதாக இருந்தாலும் நிறுத்தி, தட்டை வானத்தைப் பார்த்து நிமிர்த்திவிட வேண்டும். 1969 ஜூலையில், நிலாவில் மனிதன் இறங்கிய அன்று, பார்க்ஸ் தட்டு முழுக்கச் சாய்ந்திருந்த நேரத்தில் மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் இரண்டு தடவை காற்று அடித்தது. அன்றைக்கு நிமிர்த்தவில்லை, நிலாவிலிருந்து வரும் டிவி படத்தை அந்தத் தட்டில் வாங்க வேண்டியிருந்தது. கட்டடமே ஆடியிருக்கிறது. அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வார்கள், எனக்குக் கேட்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும்.

காற்றுக்கு வழிவிடுவது பற்றி இந்தியாவில் நல்ல வேலை நடந்திருக்கிறது. உதாரணத்துக்கு, பிடிக்க வேண்டியது 21 சென்டிமீட்டர் நீள அலை என்றால் தட்டின் பரப்பு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஒழுங்காக இருந்தால் போதும், அலை நீளத்தில் இருபதில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் முழுத் தகடு எதற்கு, கம்பி வலையே போதுமே. புனேக்கு வடக்கே நாராயண்காவ் பக்கத்தில் இருக்கும் 30 தட்டுகள், ஒவ்வொன்றும் 45 மீட்டர், மெல்லிய எஃகுக் கம்பி வலையால் ஆனவை. காற்று ஊடே போய்விடும். அதற்கும் முன்னால், கோவிந்த் ஸ்வரூப் என்ற வானியலாளர் தலைமையில் 1970-இல் ஊட்டியில் முடித்த தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், மலைச்சரிவில் வடக்குத் தெற்காகப் படுத்திருக்கிறது. சரிவு ஏறக்குறைய 11 பாகை, ஊட்டியின் அட்சரேகையும் அதே 11. அந்தச் சரிவைத் தேடிப் பிடித்ததால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது, ஒரே ஒரு திசையில் உருட்டினால் போதும், ஒரு மூலத்தை ஒன்பதரை மணி நேரம் தொடரலாம். பராமரிப்புக்காரியாக நான் இதைப் பார்த்து அசந்துபோனேன். ஒரு திசை இயக்கத்தை மலையே செய்துவிடுகிறது, மலைக்கு யாரும் கிரீஸ் போட வேண்டாம்.

இனி மீதிக் கால்வாசி. அதுதான் கஷ்டம், சத்தம் போடாமல் இருப்பது. காதுக்குக் கேட்கிற சத்தத்தைச் சொல்லவில்லை. மலிவான எல்.இ.டி. விளக்கு, கைப்பேசி சார்ஜர், ஆட்டோமேட்டிக் கேட்டின் ரிமோட், பழுதான மின்வேலி, எல்லாமே ரேடியோ அலையைக் கசியவிடும். கிரீன் பேங்கைச் சுற்றி 1958-இலேயே ஏறக்குறைய 34,000 சதுர கிலோமீட்டரை ரேடியோ அமைதிப் பகுதி என்று அறிவித்தார்கள். தொலைநோக்கிக்குப் பக்கத்தில் டீசல் வண்டிதான் போகலாம், ஏனென்றால் பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு பொறிக்கும் ஒரு ரேடியோத் துடிப்பை விடுகிறது. நம் ஊரில் மோட்டார் சைக்கிள் இல்லாத தெரு எது என்று யோசித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்க்ஸில் நடந்தது இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரியும். 1998 முதல் அவ்வப்போது விசித்திரமான துடிப்பு ஒன்று பதிவாகி வந்தது, தூரத்து அண்டத்திலிருந்து வரும் துடிப்பு மாதிரியே உருவம், ஆனால் பூமியிலிருந்து வருவதாகச் சந்தேகம். பெரிட்டான் என்று பெயர் கூட வைத்துவிட்டார்கள். மின்னல் என்றார் ஒருவர், இன்னொருவர் வேறு ஒன்றைச் சொன்னார். 2015 ஜனவரியில் ஒரே வாரத்தில் மூன்று வந்தன, அப்போது ஆராய்ச்சி மாணவியாக இருந்த எமிலி பெட்ரோஃப்பும் கூட இருந்தவர்களும் அதே நேரத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் ஏதோ பதிவாகியிருப்பதைப் பிடித்தார்கள். கடைசியில் பார்த்தால், அதே அலைவரிசையில் ஓடும் நிலையத்தின் மைக்ரோவேவ் அடுப்பு. ஓடி முடிவதற்குள் கதவை வெடுக்கென்று திறந்தால், அடுப்பில் அலையை உண்டாக்கும் காந்தக்குழாய் அணைகிற அந்த ஒரு நொடியில் ஒரு துடிப்பு தப்பித்து வெளியே போகிறது. சாப்பாட்டு நேரத்தில்தான் அது அதிகம் வந்ததாம், பின்னே வராதா.

கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் எனக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. இந்த வேலையின் முழுச் சிக்கலும் அந்த அடுப்புக்குள் இருக்கிறது. தொலைநோக்கியைப் பராமரிக்கப் பக்கத்தில் ஆள் வேண்டும், ஆள் என்றால் சோறு வேண்டும், விளக்கு வேண்டும், கணினி வேண்டும், வெல்டிங் மெஷின் வேண்டும், அத்தனையும் தொலைநோக்கிக்குக் கெடுதல். அதனால் கட்டுப்பாட்டு அறையையே உலோகக் கூண்டாகக் கட்டி, இரட்டைக் கதவு வைத்து, ஒன்று மூடிய பிறகுதான் இன்னொன்றைத் திறப்போம். புதுச் சாமான் எது வாங்கினாலும், ஒரு மேசை விசிறியாக இருந்தாலும், முதலில் சோதனை அறையில் வைத்து அது என்ன அலை விடுகிறது என்று அளந்த பிறகுதான் உள்ளே விடுவோம். புதிதாக வந்த பிள்ளைகள் இதை அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும், விசிறி வெளியிலேயே இருக்கட்டும்.

இன்னொரு எதிரி சூடு. வரவேற்கும் கருவியே சூடாக இருந்தால் அதன் சொந்த இரைச்சலில் வானம் மூழ்கிவிடும். ஆகவே முன்பகுதியை வெற்றிடப் பாத்திரத்துக்குள் வைத்து, ஹீலியம் கம்ப்ரெஸரால் 20 கெல்வின் அளவுக்கு, அதாவது மைனஸ் 253 பாகைக்குக் குளிர்விக்கிறோம். கம்ப்ரெஸர் நின்றால் சில மணி நேரத்தில் குளிர் போய்விடும், மறுபடியும் வெற்றிடம் எடுத்துக் குளிர வைக்க ஒரு நாள் பொழுது ஆகும். மின்சாரம் ஒரு கணம் கண் சிமிட்டினாலே போதும். இரவு ஷிப்டில் ஆபரேட்டர் பார்க்கிற முதல் எண் நட்சத்திரத்தின் எண் இல்லை, ஹீலியம் அழுத்தம்தான். அடுத்தது, நன்றாகத் தெரிந்த ஒரு மூலத்தைப் பிடித்துச் சோதிப்பது. எனக்குப் பிடித்தது வேலா துடிவிண்மீன், நொடிக்கு 11 தடவை துடிக்கும், அது திரையில் ஒழுங்காக வந்துவிட்டால் தட்டு, கருவி, கடிகாரம் மூன்றும் நல்லபடியாக இருக்கின்றன என்று தேநீர் போடப் போகலாம். கூண்டுக்குள் கெட்டில்தான், மைக்ரோவேவ் இல்லை.

அப்புறம் இரும்பு முறியும் கதை. 1988 நவம்பர் 15 இரவு, கிரீன் பேங்கில் அப்போதிருந்த 91 மீட்டர் தட்டு ஆய்வு ஓடிக்கொண்டிருக்கும்போதே மொத்தமாக விழுந்தது, ஓர் இணைப்புத் தகடு உடைந்ததுதான் காரணம். யாருக்கும் அடி இல்லை. புவேர்ட்டோ ரிக்கோவில் அரசிபோ, 305 மீட்டர், 1963-இல் தொடங்கியது. 2020 ஆகஸ்டில் ஒரு துணைக் கேபிள் அதன் சாக்கெட்டிலிருந்து உருவிக்கொண்டது, நவம்பரில் ஒரு முக்கியக் கேபிள் அறுந்தது, டிசம்பர் 1 அன்று, தட்டுக்கு மேலே அந்தக் கேபிள்களில் தொங்கிய 900 டன் மேடை தட்டின் மேல் வந்து விழுந்தது. பின்னால் நடந்த விசாரணைகளில், சாக்கெட்டில் கம்பியைப் பிடித்திருந்த துத்தநாகம் வருஷக்கணக்கில் மெல்ல நெகிழ்ந்து கொடுத்திருந்தது தெரியவந்தது. கம்பி வெளியே நகர்ந்திருப்பது விழுவதற்கு முன்பே கண்ணில் பட்டிருந்தது, அதற்குக் கொடுக்க வேண்டிய முக்கியத்துவம் கிடைக்கவில்லை. தம்பியிடம் இதைச் சொன்னபோது அவன் கேட்டது ஒன்றுதான், "பார்த்தவரு எங்க எழுதி வச்சாரு, அதை யாரு படிச்சா?" எந்த விசாரணைக் குழுவும் இதைவிடச் சுருக்கமாகக் கேட்டிருக்காது.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். தாய்லாந்தில் சியாங்மாய் பக்கத்தில் 40 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது, நம் கெடா எல்லையைத் தாண்டினால் அதே நாடு. இந்த மாதிரி இடங்களுக்கு வானியல் படித்தவர்கள் மட்டும் போதாது. தொழிற்பயிற்சிக் கழகத்தில் ஏர்கோன் வேலை படிக்கும் தம்பி தங்கைகளுக்குக் கம்ப்ரெஸரும் கசிவும் பழக்கம், வெற்றிடம் எடுப்பதும் தெரியும், ஹீலியத்தைக் கற்றுக்கொள்வது பெரிய காரியம் இல்லை. விளம்பரத்தில் 'கிரையோஜெனிக் டெக்னீஷியன்', அதாவது கடுங்குளிரூட்டும் கருவிக்காரர், என்று போட்டிருப்பார்கள், பெயரைப் பார்த்துப் பயந்துவிடாமல் விண்ணப்பம் போடுங்கள். சந்தேகம் இருந்தால் நிலையத்துக்குக் கேள்வியை அனுப்புங்கள், எனக்குக் கொடுத்துவிடுவார்கள். வணக்கம்.