பழைய வேட்டை ரைஃபிளுக்கு நியாய விலை எது?

நேயர்களுக்கு வணக்கம்.

குன்னூர், கோத்தகிரி, வால்பாறை, ஏற்காடு பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் இன்றும் ஒரு வேட்டை ரைஃபிள் இருக்கிறது. லைசென்ஸ் வைத்திருந்த பெரியவர் காலமாகிவிடுவார். துப்பாக்கியைத் தொட்டே பார்த்திராத மனைவியோ மகளோ அதை விற்க வேண்டி வரும். அப்போது இரண்டு பேர் வருவார்கள். தரகர், "இது பழைய இரும்பும்மா, வைத்திருந்தால் போலீஸ் தொல்லை, கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள்" என்பார். உறவினர் ஒருவர், "லண்டன் ஏலத்தில் இது எவ்வளவுக்குப் போகும் தெரியுமா?" என்று ஆசை காட்டுவார். இந்த இரண்டு பேச்சையும் நம்பி ஏமாந்த குடும்பங்கள் நிறைய. அதனால்தான் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சேர்த்து இன்று இதைப் பேச வந்திருக்கிறேன்.

லண்டன் விலை நமக்கு ஏன் பொருந்தாது? நூறு வருடத்துக்கு மேற்பட்ட துப்பாக்கி தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இங்கேயோ 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பதே கிடையாது. ஆகவே வேட்டைக்கென்று யாரும் வாங்கப் போவதில்லை. ஆனால் பழைய இரும்பு என்பதும் பொய். வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்யச் சாதாரண லைசென்ஸ்தாரருக்குப் பல வருடங்களாக வழியில்லை. ஏற்கெனவே நாட்டுக்குள் இருப்பவைதான் கைமாறுகின்றன. நல்ல நிலையில் உள்ள இங்கிலாந்து, ஜெர்மனி ரைஃபிளுக்கு மதிப்பு வருவது அதனால்தான். இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2019 ஆயுதச் சட்டத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மூன்று வைத்திருந்தவர்கள் ஒன்றைக் கைவிட வேண்டியதாயிற்று. வாங்க நினைப்பவரும் லைசென்ஸில் இடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வருவார்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். முதலில் அது என்ன போர் (bore), அதாவது குழல் துளையின் அளவு என்ன என்று பாருங்கள். 303 என்றால் ராணுவத் தோட்டா போகும் துப்பாக்கி. சாதாரண லைசென்ஸில் அதை வாங்க முடியாது, ஆகவே எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்க ஆள் குறைவு. 315 என்றால் நம் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்யும் ரைஃபிளாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குப் புது விலை தெரிந்ததுதான். பழையதைப் புதியதைவிடக் கூட விலைக்குக் கேட்டால் தயங்காமல் எழுந்து வந்துவிடுங்கள். லண்டன் ரிக்பி கம்பெனியின் 275 என்று எழுதியிருந்தால், அது 7 மில்லிமீட்டர் மௌசர் தோட்டாவேதான். பெயர் மட்டும் வேறு.

பெரிய போர் அளவுள்ள ரைஃபிள்களுக்கு ஒரு வரலாறே உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் 450 போருக்குத் தடை போட்டது. கலகக்காரர்கள் கையில் இருந்த பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகளுக்கு அந்தத் தோட்டா போய்ச் சேரும் என்ற பயம். உடனே லண்டன் கம்பெனிகள் 465, 470, 475 என்று பக்கத்துப் பக்கத்து அளவுகளில் செய்து அனுப்பின. யானைக்கும் காட்டெருமைக்கும் செய்த அந்த இரட்டைக்குழல் ரைஃபிள்களில் சில இன்னும் இங்கே இருக்கின்றன. தோட்டா கிடைப்பது அரிது. நம் சேலம், தருமபுரி காடுகளில் திரிந்த வேட்டைக்காரரும் எழுத்தாளருமான கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்த 405 வின்செஸ்டருக்கும் இதே கதைதான். சுடத் தோட்டா இல்லாத துப்பாக்கிக்கு, அதைச் சேகரிப்பவர் மட்டுமே நல்ல விலை தருவார். அப்படிப்பட்டவர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

அடுத்தது குழலின் உள்ளே. என்னைக் கேட்டால் பாதி விலை அங்கேதான் இருக்கிறது. முதலில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் குழலின் பின்வாயைப் பூட்டும் போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். குழலுக்குள் வெட்டியிருக்கும் திருகு வரிகள் கூர்மையாக, பளபளப்பாகத் தெரிய வேண்டும். பழைய காலத் தோட்டாக்களின் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அதன் உப்பு குழலுக்குள் தங்கி ஈரத்தை இழுக்கும். மழைக்காலம் முழுக்கப் பனிமூட்டம் நிற்கிற ஊர்களில், சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் போடாத குழலில் அரிப்புக் குழிகள் விழுந்திருக்கும். குழிகள் இருந்தால் வெளியே எவ்வளவு மினுங்கினாலும் விலையைத் தாராளமாகக் குறையுங்கள். தோல் உறையிலேயே வருடக்கணக்கில் வைத்திருந்தால் வெளிப்புறமும் துருப்பிடித்திருக்கும்.

துப்பாக்கியின் மரக் கட்டையில், கை பிடிக்கும் ஒடுங்கிய இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். குழல் மேல்நோக்கி நிற்க வைத்து எண்ணெய் போட்டிருந்தால் அது வழிந்து மரத்தை ஊறவைத்து மெத்தென்று ஆக்கியிருக்கும். இரட்டைக்குழல் என்றால் குழல்களைக் கழற்றித் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டுங்கள். மணி போல ஓசை வந்தால் குழல்களை ஒட்டிய பற்றுவைப்பு சரியாக இருக்கிறது. மொட்டையான சத்தம் வந்தால் குழல்களைச் சேர்க்கும் பட்டை விட்டுப்போயிருக்கிறது. அதைச் சரிசெய்யும் ஆள் நம் நாட்டில் மிகக் குறைவு.

விற்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்ந்துபோன பழைய கருநீல மெருகுக்கு உள்ள மதிப்பு புது மெருகுக்குக் கிடையாது. தேய்த்தால் செதுக்கிய எழுத்தின் விளிம்பு போகும், துப்பாக்கியைச் சோதித்துப் பார்த்த பரிசோதனைச் சாலையின் முத்திரைகள் மழுங்கும். அந்தத் துப்பாக்கி எது என்று சொல்வதே அந்த முத்திரைகளும் எண்ணும்தான்.

"கலெக்டர் துரை கொடுத்தது", "மகாராஜா வைத்திருந்தது" என்பார்கள். கதைக்குத் தனி விலை கிடையாது, சான்றுக்கு உண்டு. 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்கு ஒரு ரிக்பி ரைஃபிள் பரிசாக வந்தது. அதன் கட்டையில் பதித்த வெள்ளித்தகட்டில் விவரம் எழுதியிருக்கிறது. அதுதான் சான்று. உங்களிடம் பழைய லைசென்ஸ் புத்தகம், வாங்கிய ரசீது, வேட்டைக் குறிப்பேடு ஏதாவது இருந்தால் கவனமாக எடுத்து வையுங்கள். ரிக்பி, ஹாலண்ட் போன்ற கம்பெனிகள் எண்ணைச் சொன்னால் பழைய பதிவேட்டைப் பார்த்து விவரம் தருகின்றன.

கடைசியாகக் காகிதம். துப்பாக்கியில் உள்ள எண்ணும் லைசென்ஸில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லையென்றால் பேரத்தை அங்கேயே நிறுத்துங்கள். 1959 ஆயுதச் சட்டப்படி, தனியாரிடமிருந்து தனியாருக்கு விற்க மாவட்ட நிர்வாகத்துக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் பொறுக்க வேண்டும். வாங்குபவரிடமும் லைசென்ஸ் வேண்டும். "நாளைக்கே பணம் தருகிறேன்" என்று வருபவரிடம் விற்காதீர்கள்.

லைசென்ஸ்தாரர் இறந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். பயந்து அன்றே விற்றுவிட வேண்டிய அவசியம் இல்லை. ஒப்படைக்கும் முன் தெரிந்த ஒருவரைக் கொண்டு எண்ணெய் போடச் சொல்லுங்கள், எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குகிற ரசீதில் எண், போர், கம்பெனி பெயர், கட்டையின் நிலை எல்லாம் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு மூன்று டீலர்களிடம் தனித்தனியாக, எழுத்தில், மதிப்பீடு கேளுங்கள்.