கரும்பலகையின் வலது மூலை

ஆசிரியர் நண்பர்களே, வணக்கம்.

நம் பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பொது அறிவு என்று ஒன்று உண்டு. ஒரு பிள்ளை சீட்டைப் பார்த்து, ‘ஆக்டோபஸுக்கு மூன்று இதயம்’ என்று ஒரே மூச்சில் வாசிக்கும். வெயிலில் நிற்கும் மற்றவர்கள் முன்னால் நிற்பவனின் காலரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் நடத்தினேன். தகவல் மேல் தப்பில்லை. விடையை எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைத்துவிடுகிறோம்.

அப்புறம் ஏழாம் வகுப்பில் ஒன்று செய்து பார்த்தேன். கரும்பலகையின் வலது மூலையில் சின்னக் கட்டம். காலையில் அதில் ஒரு கேள்வி மட்டும். விடை, கடைசி பெல்லுக்கு ஐந்து நிமிஷம் முன்னால். நடுவில் யாரும் ஊகிக்கலாம். நோட்டில் எழுத வேண்டாம், பரீட்சையில் வராது. இந்தக் கடைசி வாக்கை மட்டும் மீறிவிடாதீர்கள். மார்க் என்று சொன்ன அன்றே கட்டம் செத்துப்போகும்.

ஒருநாள், ‘எந்தக் கோளில் வருஷத்தைவிட நாள் நீளம்?’ என்று எழுதினேன். பாதி வகுப்பு வியாழன் என்றது, பெரிய கோள் ஆயிற்றே! வியாழனோ பத்து மணி நேரத்துக்குள் சுழன்று முடித்துவிடும். வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுழல 243 நாள், சூரியனைச் சுற்றிவர 225 நாள் என்றதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “அப்போ ஒரு நாள் முடியறதுக்குள்ள பொறந்தநாள் வந்துடுமா சார்?” சுழலுவது வேறு, சுற்றுவது வேறு என்று நான் ஒரு மாதம் கத்தியிருந்தாலும் இப்படிப் புரிந்திருக்காது.

வெள்ளிக்கிழமை பிள்ளைகளின் முறை. பெட்டிக்கடைக்காரர் மகள் ஒருத்தி எழுதினாள்: ‘பழைய முட்டை ஏன் தண்ணீரில் மிதக்கிறது?’ சத்தியமாக எனக்கு அன்று தெரியாது. ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு மதியம் தேடிப் படித்தேன். சாயங்காலம் அவள் இரண்டு முட்டையும் ஒரு கண்ணாடி டம்ளரும் எடுத்து வைத்தாள். ஒன்று அடியில் படுத்துக்கொண்டது. மற்றது மேலே வந்து நின்றது. ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள். நாளாக நாளாக அவற்றின் வழியே ஈரம் வெளியேறி, உள்ளே காற்று புகுகிறது. உருவம் அப்படியே இருக்க, எடை மட்டும் குறைகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் மழுங்கிய முனையில் அந்தக் காற்றறை தெரியும்.

பார்த்துக்கொண்டே இருந்த ஒரு பையன், “முட்டை வேகும்போது ஓட்டிலிருந்து குட்டிக் குட்டியா குமிழி வருதே, அது இந்தக் காத்துதானா சார்?” என்றான்.

ஆமாம் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டு, திங்கட்கிழமைக் கட்டத்தில் எழுதச் சொன்னேன்.