பேரனின் அழுகுரல்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். ஆகஸ்ட் 27 புனித மோனிக்கா அம்மையாரின் திருநாள். மறுநாள் அவருடைய மகன் அகுஸ்தினாரின் திருநாள். இவ்விரு நாள்களும் அடுத்தடுத்து வருவதாலோ என்னவோ, மகனுக்காகக் கண்ணீர் வடித்த தாய் என்றே அம்மையாரை நினைத்துப் பழகிவிட்டோம். அவர் ஒரு பாட்டியும்கூட. அந்தப் பாட்டியைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

இன்று அல்ஜீரியாவில் சூக் அராஸ் என வழங்கும் தகாஸ்தே அவருடைய ஊர். 383ஆம் ஆண்டில் மகன் தாயிடம் பொய் சொல்லி, கார்த்தேஜ் கடற்கரையருகே புனித சிப்ரியானின் நினைவாலயத்தில் அவர் செபித்திருந்த இரவில் உரோமைக்குக் கப்பலேறிவிட்டார். விடிந்தபின் கரையில் கதறிய அம்மையார், பின்னர் தாமே கடல் கடந்து மிலான் வரை மகனைத் தேடிச் சென்றார். அங்கே மகனோடு வாழ்ந்து வந்த பெண்ணும், அவர்கள் பெற்ற அதெயோதாத்துஸ் என்ற சிறுவனும் இருந்தார்கள். 'இறைவன் தந்தவன்' என்பது அப்பெயரின் பொருள்.

மகனுக்கு நல்ல இடத்தில் பெண் பார்த்து மணம் முடிக்க அம்மையார் பெரிதும் முயன்றார். அதன்பொருட்டு அந்தப் பெண் பிள்ளையை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவுக்குத் தனியே திரும்ப நேர்ந்தது. அம்மையாரை நெஞ்சார வணங்கும் எனக்கும் இந்த இடம் வலிக்கத்தான் செய்கிறது.

அந்தத் திருமணம் நடக்கவில்லை. 386ஆம் ஆண்டில் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு மனம் திரும்பிய அகுஸ்தினார், மிலானுக்கு வெளியே ஒரு நண்பரின் பண்ணை வீட்டில் தாயோடும் மகனோடும் சீடர்களோடும் தங்கியிருந்தார். நவம்பர் 13, அவருடைய பிறந்த நாள். எளிய பகலுணவுக்குப் பின் அனைவரும் அமர்ந்து, மனிதருக்கு உண்மையான மகிழ்ச்சி எது என்று பேசத் தொடங்கினார்கள். இறைவனை உடையவர் யார் என்ற கேள்வி எழுந்தபோது, நன்றாக வாழ்பவர் என்றார் ஒருவர். இறைவன் விரும்புவதைச் செய்பவர் என்றார் இன்னொருவர். கூட்டத்திலேயே இளையவனான பேரன், தூய்மையற்ற ஆவி இல்லாதவரே இறைவனை உடையவர் என்றான். பாட்டி எல்லா விடைகளையும் ஏற்றுக்கொண்டார். ஆனால் பேரனின் விடையையே மிகவும் பாராட்டினார் என்று அகுஸ்தினார் எழுதி வைத்திருக்கிறார். படித்தவர்கள் நிறைந்த அவையில் சிறுவனின் சொல்லைக் கைதூக்கிவிட ஒரு பாட்டி இருந்தார் என்பதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

387ஆம் ஆண்டு பாஸ்கா என்னும் உயிர்ப்புப் பெருவிழா இரவில், தந்தையும் மகனும் ஆயர் அம்புரோசிடம் ஒன்றாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். பேரனுக்கு அப்போது வயது ஏறக்குறைய 15.

ஊர் திரும்பும் வழியில், உரோமையின் துறைமுகமான ஒஸ்தியாவில் அம்மையார் காய்ச்சலில் விழுந்தார். சொந்த மண்ணில் கணவரின் அருகே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று நெடுநாள் விரும்பியிருந்தவர், இப்போது தம் உடலை எங்கே வேண்டுமானாலும் புதைக்கலாம் என்றும், ஆண்டவருடைய பீடத்தில் தம்மை நினைத்தால் போதும் என்றும் பிள்ளைகளிடம் சொன்னார். ஒன்பதாம் நாள், தம் 56ஆம் வயதில் கண்மூடினார்.

அகுஸ்தினார் தாயின் கண்களை மூடினார். பொங்கி வந்த கண்ணீரை வலிந்து அடக்கினார். பேரனால் அடக்க முடியவில்லை. பாட்டியின் உயிர் பிரிந்த கணத்தில் அவன் வாய்விட்டு அலறினான். சுற்றி நின்றவர்கள் அவனை அமைதிப்படுத்தினார்கள். பிறகு நண்பர் எவோதியுஸ் திருப்பாடல் நூலை எடுத்து, ஆண்டவரின் இரக்கத்தையும் நீதியையும் போற்றும் பாடலைத் தொடங்க, அந்த வீடு முழுவதும் அவருக்கு மறுமொழியாகப் பாடியது.