ஆட்டம் போடும் ஆங்கில வினைகள்

(பாலிடெக்னிக் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ஆங்கிலம் பற்றிப் பேசப் போகிறார் என்று அறிவித்ததுமே பின்வரிசையில் சில கைபேசிகள் வெளியே வந்துவிட்டன. பரவாயில்லை. இன்றைக்கு ஆட்டத்தைப் பற்றி மட்டும்தான் பேசப் போகிறேன்.

ஒரு பொருள் இப்படியும் அப்படியும் வேகமாக ஆடுகிறது. நம்மில் பலர் இதற்கு ‘ஷேக்’ ஒன்றை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டுகிறோம். நாய் வாலை ஷேக் செய்யும், பட்டாம்பூச்சி இறக்கையை ஷேக் செய்யும், குளிரில் உடம்பும் ஷேக் ஆகும். புரியத்தான் செய்யும். ஆனால் ஆங்கிலத்தில் எது ஆடுகிறது, எப்படி ஆடுகிறது என்பதையெல்லாம் வினையே சொல்லிவிடும். வாலுக்கு ‘வேக்’. ஒரு முனை உடம்போடு நிற்க, மறுமுனை பக்கவாட்டில் ஆட வேண்டும். அதனால்தான் மிரட்டும்போது ஆட்டுகிற ஆள்காட்டி விரலுக்கும் அதே வினை. காக்கை இறக்கையடித்தால் ‘ஃப்ளாப்’, பட்டாம்பூச்சி படபடத்தால் ‘ஃப்ளட்டர்’. குளிர் என்றதும் வாயில் வருவது ‘ஷிவர்’. ‘ட்ரெம்பிள்’ பயத்துக்கும் கோபத்துக்கும் தளர்ச்சிக்கும் பொது.

வேகிள், விகிள், ஜிகிள், வாபிள் என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி முடிகின்றன, இல்லையா? ஒரு செயல் சின்னச் சின்னதாக, திரும்பத் திரும்ப நடப்பதைக் காட்ட ஆங்கிலமும் அதன் உறவு மொழிகளும் வினைக்கு ஒட்டிய வால் அது. ‘வேக்’ அப்படித்தான் ‘வேகிள்’ ஆனது. தேனீ, பூ இருக்கும் திசையையும் தூரத்தையும் கூட்டாளிகளுக்குச் சொல்ல வயிற்றை ஆட்டி ஓடுகிற நடனத்துக்கு ஆங்கிலத்தில் இந்தப் பெயர்தான். ஏறக்குறைய ஒரு வினாடி ஆட்டினால் ஒரு கிலோமீட்டர். அந்த நடனத்தைப் படித்துச் சொன்ன கார்ல் வான் ஃப்ரிஷுக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது. ஃப்ளட்டர், ஃப்ளிக்கர், சாட்டர் ஆகியவற்றில் இருப்பது ‘அர்’ என்ற இன்னொரு வால். நமக்கு இந்த வால் வேலையெல்லாம் தேவைப்படவில்லை. சொல்லையே இரட்டித்து படபட, வெடவெட, கிடுகிடு என்று முடித்துவிட்டோம்.

சரி, இதெல்லாம் குழந்தைக் கதைச் சொற்கள்தானே என்று தோன்றலாம். இனி வருவது உங்கள் ஏரியா.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நேரோஸ் தொங்கு பாலத்தை 1940 ஜூலை 1 அன்று திறந்தார்கள். நடு இடைவெளி மட்டும் 853 மீட்டர். அகலமோ இரண்டு வண்டி போகும் அளவுதான். பக்கங்களில் காற்று புகுந்து போக வழியில்லாத தகட்டு உத்தரங்கள். கட்டும்போதே தளம் மேலும் கீழும் குதித்ததால், ‘கேலப்பிங் கெர்ட்டி’, அதாவது ‘பாய்ந்தோடும் கெர்ட்டி’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். குதிரை ஓட்டத்துக்கு உரிய ‘கேலப்’ என்ற வினை அது. நவம்பர் 7 காலை, மணிக்கு 68 கிலோமீட்டர் வேகக் காற்றில், ஆட்டம் திடீரென்று மாறியது. குதித்துக்கொண்டிருந்த தளம் முறுக ஆரம்பித்தது. இடது ஓரம் எழும்பினால் வலது ஓரம் தாழும், அப்புறம் தலைகீழாகும். அன்றே நடுப்பகுதி நீரில் விழுந்தது. காரில் மாட்டிக்கொண்ட டப்பி என்ற நாயைத் தவிர உயிரிழப்பு இல்லை.

நிறையப் பாடநூல்கள் இதை ஒத்ததிர்வுக்கு உதாரணமாகப் போட்டன. பொறியாளர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஒத்ததிர்வு என்றால் பாலத்தின் இயல்பான ஆட்டத்துக்குப் பொருந்தும்படி காற்று தாளம் போட்டுத் தள்ள வேண்டும். அன்று அடித்ததோ சீரான காற்று. தளம் சற்று முறுகியதும் அதன் மேல் காற்று தள்ளும் விதம் மாறுகிறது, அந்த மாற்றம் முறுக்கலை இன்னும் கூட்டுகிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் பாலம் தானே காற்றிலிருந்து சக்தியை உறிஞ்சிக்கொள்கிறது. இதற்குப் பொறியாளர்கள் எடுத்துக்கொண்ட சொல் பட்டாம்பூச்சியின் ஃப்ளட்டர்தான். விமான இறக்கையை வடிவமைப்பவர்கள் இன்றும் பயந்து சோதிப்பது இதைத்தான்.

மருத்துவர்களும் இதை விடவில்லை. இதய மேலறை நிமிடத்துக்கு 300 முறை போல ஒழுங்காகத் துடித்தால் ஃப்ளட்டர். ஒழுங்கே இல்லாமல் நெளிந்தால் அதற்கு ‘ஃபிப்ரிலேஷன்’ என்று வேறு பெயர். கேசட் காலத்தில் நாடாவின் வேகம் மெதுவாக ஏறி இறங்கினால் ‘வாவ்’, வேகமாக நடுங்கினால் இதே ஃப்ளட்டர்.

கடைசியாக லேத், அதாவது கடைசல் இயந்திரம். வெட்டும்போது டூல் கிடுகிடுவென்று அடித்து, வேலைத்துண்டின் மேல் அலை அலையாகக் கோடு விழும், பார்த்திருப்பீர்கள். கூடவே ஒரு கீச்சொலி. உங்கள் ஒர்க்‌ஷாப் ரெக்கார்டில் அதை ‘வைப்ரேஷன்’ என்று எழுதினால் மோட்டாரா, பேரிங்கா, அடித்தளமா என்று படிப்பவர் தேட வேண்டியிருக்கும். குளிரில் பல் தந்தியடிப்பதற்குச் சொல்லும் ‘சாட்டர்’ என்று எழுதுங்கள். மேற்பார்வையாளர் முதலில் டூல் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பார், உள்ளே தள்ளி இறுக்குவார், சுழல் வேகத்தை மாற்றிப் பார்ப்பார்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். பின்வரிசையிலிருந்தே தொடங்கலாம்.